பெருங்குடல் வரை போய்ச் சேர வேண்டிய மருந்து

கொலோனோஸ்கோப்பி (கேமராவை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) முடிந்து மயக்கம் தெளிவதற்குள் டாக்டர் பெயரைச் சொல்லிவிடுகிறார்: அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வீட்டில் வந்து சொன்னால் எல்லார் காதிலும் விழுவது முதல் பாதிதான். "அல்சரா? நேரத்துக்குச் சாப்பிடாம இருந்தா பின்ன வேற என்ன வரும்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "காரத்தைக் குறைச்சா சரியாயிடும்" என்று இன்னொருவர் முடித்துவைப்பார். நடுவில் நோயாளி மருந்துச்சீட்டைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருப்பார். விழுங்கவே சிரமமான அளவில் ஒரு மாத்திரை, தினமும் மூன்று நான்கு. கூடவே, இரவில் ஆசனவாய் வழியாக வைத்துக்கொள்ள ஒரு சப்போசிட்டரி. வயிற்றுப் புண்ணுக்கு எதற்குப் பின்பக்க வைத்தியம்?

அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இந்த நோயின் மருந்துகள் வேலை செய்யும் விதமே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இது இரைப்பைப் புண் அல்ல. நாம் பேச்சுவழக்கில் 'அல்சர்' என்று சொல்வது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ வருவது. அதற்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவோ வலிமாத்திரையோ காரணம், அமிலத்தைக் குறைத்தால் ஆறும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலின் நோய். அமிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடலின் எதிர்ப்பு சக்தி, தன் குடலின் உட்சுவரையே எதிரியாக நினைத்துத் தாக்கிக்கொண்டிருக்கிறது. மரபு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சூழல் எல்லாம் சேர்ந்து இதைத் தூண்டுகின்றன. ஒருவர் எப்போது சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று தேடிப் பழிபோட ஒன்றும் இல்லை.

'அழற்சி' என்ற சொல்லுக்குள் 'அழல்' இருக்கிறது. அழல் என்றால் நெருப்பு. கேமரா வழியாகப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். இளஞ்சிவப்பாக, வழவழப்பாக, மெல்லிய ரத்தக்குழாய்கள் கிளைகிளையாகத் தெரிய வேண்டிய உட்சுவர், அந்தக் கிளைகளே தெரியாமல் சிவந்து வீங்கி, கருவி லேசாகப் பட்டாலே ரத்தம் கசிகிறது. அந்த ரத்தமும் சளியும்தான் மலத்தோடு வெளியே வருகின்றன. கூடவே திடீர் அவசரம், போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடத்தில் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. பலர் இதை மூலம் என்று நினைத்தோ சீதபேதி என்று நினைத்தோ மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்த்துவிட்டுத்தான் சரியான இடத்துக்கு வருகிறார்கள்.

சிகிச்சையைப் புரிந்துகொள்ள இந்த நோயின் இரண்டு குணங்கள் தெரிந்தால் போதும். ஒன்று, இது கிட்டத்தட்ட எப்போதுமே கடைசிப் பகுதியான மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும். சிலருக்கு இடப்பக்கம் முழுக்க. சிலருக்கு ஒன்றரை மீட்டர் நீளப் பெருங்குடலும். இரண்டு, அழற்சி குடல்சுவரின் உள்ளடுக்கான சளிச்சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. இதன் உறவுக்கார நோயான கிரோன் நோய் அப்படியல்ல. அது சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துப் போகும், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் விட்டுவிட்டு வரும். கீழே தொடங்குகிறது, மேலோட்டமாக இருக்கிறது: அல்சரேட்டிவ் கோலைட்டிஸின் மருந்துகள் இந்த இரண்டையும் பயன்படுத்திக்கொள்கின்றன.

ஒரே பெயர், எதிரெதிர் வேலை

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அழற்சி எதிர்ப்பு மருந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் போட்டுக்கொள்கிற ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் வகையறா. பெயரளவில் அவையும் அழற்சி எதிர்ப்பு மருந்துகள்தான். ஆனால் கோலைட்டிஸ் உள்ளவருக்கு அவை உதவாது, சிலருக்கு அடங்கியிருந்த நோயைக் கிளப்பியும் விடும். அவை உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. முழங்காலில் அந்தப் பொருள் வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிறது, சரி. ஆனால் குடலின் உட்சுவரைப் பாதுகாப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதைப் பிடுங்கினால் ஏற்கெனவே புண்பட்ட சுவர் இன்னும் பலவீனமாகிறது. தலைவலி, காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. கோலைட்டிஸ் இருப்பவர் பல் டாக்டரிடமும் எலும்பு டாக்டரிடமும் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், கோலைட்டிஸுக்கு முதலில் எழுதித்தரும் மருந்து ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். அதன் பெயர் மெசலமைன், மெசலசைன் என்றும் சொல்வார்கள். வேதியியல் பெயர் 5-அமினோசாலிசிலிக் அமிலம். டாக்டர்கள் சுருக்கமாக ஃபைவ்-ஏஎஸ்ஏ என்பார்கள். ஆஸ்பிரின் அசிடைல்சாலிசிலிக் அமிலம். ஒரே குடும்பம், ஆனால் குணம் வேறு. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், அலர்ஜி உள்ளவர்கள் இந்த மருந்து தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மூட்டுக்குச் செய்த மருந்து குடலுக்கு வந்த கதை

மெசலமைனைத் தேடிப் போய் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் இருந்தார். 1937-இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியராக அமர்ந்தவர். முடக்குவாத மூட்டழற்சிக்குக் கிருமித் தொற்று காரணமாக இருக்கலாம் என்று அப்போது பலரும் நம்பினார்கள். கிருமியைக் கொல்ல ஒரு சல்ஃபா மருந்து, வீக்கத்தைக் குறைக்க ஒரு சாலிசிலேட் (ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து), இரண்டையும் ஒரே மூலக்கூறாகக் கோத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். அப்படிப் பிறந்தது சல்ஃபாசலசைன். அது மூட்டுக்கும் உதவியது. கூடவே ரத்தப்பேதியோடு இருந்த கோலைட்டிஸ் நோயாளிகளுக்கும் குடல் அடங்குவதை அவர் கவனித்தார். 1942-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் அந்த இரட்டை மூலக்கூறையே கொடுத்தார்கள். இரண்டு பாதியில் எது வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரியாது. 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில், பின்னாளில் வங்கதேசத்தின் முக்கிய மருத்துவர்களில் ஒருவரான ஆசாத் கானும், பிரிஸ், ட்ரூலவ் ஆகியோரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். நோயாளிகளில் சிலருக்கு முழு மூலக்கூறு, சிலருக்கு சல்ஃபா பாதி மட்டும், சிலருக்கு சாலிசிலேட் பாதி மட்டும், மூன்றையும் எனிமாவாக, அதாவது ஆசனவாய் வழியாகச் செலுத்தும் திரவமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முழு மூலக்கூறும் சாலிசிலேட் பாதியும் குடலை நன்றாகத் தேற்றின. சல்ஃபா பாதி அவ்வளவு சோபிக்கவில்லை. அதாவது மருந்து, சாலிசிலேட் பாதியான ஃபைவ்-ஏஎஸ்ஏ தான். சல்ஃபா வெறும் வாகனம். அதோடு, தலைவலி, குமட்டல், அலர்ஜி என்ற தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த வாகனத்தினால் வருபவை.

எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு சரியான கேள்வியும், மருந்தை நேராகப் புண் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கும் துணிச்சலும் இருந்தன.

வாகனம் இல்லாமல் எப்படிப் போவது?

சரி, சல்ஃபாவை வெட்டிவிட்டு மெசலமைனை மட்டும் மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே? முடியாது. வெறும் மெசலமைனை விழுங்கினால், சிறுகுடலின் மேற்பகுதியிலேயே பெரும்பகுதி ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பெருங்குடலுக்குப் போய்ச்சேருவது சொற்பம். 'ரத்தத்தில் கலந்தால் எல்லா இடத்துக்கும் போகுமே' என்று தோன்றும். ஆனால் மெசலமைன் அப்படி வேலை செய்யும் மருந்தல்ல. அது குடலின் உள்பக்கத்திலிருந்து, சளிச்சவ்வின் மேல் நேரடியாகப் பட்டு வேலை செய்கிறது. புண்ணில் களிம்பு தடவுவது மாதிரி. களிம்பை விழுங்கி, அது புண்ணில் வந்து சேர வேண்டும் என்றால் எவ்வளவு வித்தை செய்ய வேண்டும்!

செய்திருக்கிறார்கள். அந்த மாத்திரை ஏன் அவ்வளவு பெரிதாக, பளபளப்பான உறையோடு இருக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு வித்தை, அமிலத்தன்மையைப் பார்த்துத் திறக்கும் பூட்டு. இரைப்பையில் அமிலம் கடுமையாக இருக்கும். சிறுகுடலில் கீழே போகப்போக அது குறைந்து, சிறுகுடலின் கடைசியில் பிஎச் அளவு (அமிலம் குறையக் குறைய ஏறும் எண்) 7-ஐத் தொடும். மாத்திரையின் மேல் பூசிய அக்ரிலிக் உறை, 7-க்குக் கீழே கரையாது. 7-ஐத் தொட்டதும் கரையத் தொடங்கும். ஆகவே இரைப்பையையும் சிறுகுடலையும் ஒன்றும் நடக்காதது போல் கடந்து வந்து, பெருங்குடலின் வாசலில் மாத்திரை திறக்கிறது. இன்னும் புதிய சில வடிவங்களில் உறைக்குள் ஒரு பசை போன்ற அமைப்பு இருக்கும். உறை கரைந்த பின்னும் அது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருங்குடல் நெடுகிலும் விட்டுக்கொண்டே போகும். அதனால்தான் அவற்றை ஒரு நாளைக்கு ஒரே வேளையாகப் போட முடிகிறது.

இன்னொரு வித்தை, நேரத்தை நம்புவது. மருந்தை மிகச்சிறிய மணிகளாக்கி, நீர் மெதுவாக ஊடுருவும் செல்லுலோஸ் படலத்தால் மூடிவிடுகிறார்கள். சிறுகுடலில் தொடங்கி மணிக்கணக்கில் மருந்து கசிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது வித்தை நானா ஸ்வார்ட்ஸின் பழைய யோசனைதான்: மருந்தை வேறொன்றோடு 'அசோ' பிணைப்பால் கோத்துவிடுவது. அந்தப் பிணைப்பை வெட்டும் கத்தரி நம் உடலிடம் இல்லை, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. நோய்க்குக் காரணமானவர்களில் ஒருவராகச் சந்தேகிக்கப்படும் நுண்ணுயிர்களையே மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்க வைத்தது அழகான தந்திரம். பால்சலசைடு, ஓல்சலசைன் என்ற மருந்துகள் இந்த வகை; ஓல்சலசைனில் இரண்டு மெசலமைன்கள் கைகோத்திருக்கும், வாகனமே கிடையாது.

இதிலிருந்து சில நடைமுறை விஷயங்கள் தானாகவே புரியும். மாத்திரையை உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது. உடைத்தால் பூட்டு உடைந்துவிடும், மருந்து மேலேயே கரைந்து போய்விடும். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைக் கூடவே போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பூட்டின் சாவியே அமிலத்தன்மைதான்.

அப்புறம், மலத்தில் மாத்திரையே வருகிறது என்று சிலர் பயந்துபோவார்கள். தவிட்டு நிறத்தில் ஒரு கூடு கிடக்கும். அழுத்திப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே காலி. மருந்து இறங்கிவிட்டது, உறை மட்டும் வெளியே வந்திருக்கிறது. மணி வகை மருந்து என்றால் சின்னச் சின்ன வெள்ளை மணிகள் தெரியலாம். அதுவும் சகஜம். ஆனால் மாத்திரை முழுசாக, கெட்டியாக, அடிக்கடி வந்தால் விஷயம் வேறு. பேதி வேகத்தில் உறை கரைய நேரமே கிடைக்காமல் ஓடிவந்திருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் வேறு வடிவத்துக்கு மாற்றுவார்.

பின்வாசல் வழி

இப்போது அந்தச் சப்போசிட்டரிக்கு வருவோம். நோய் கீழே தொடங்குகிறது. வாய்வழி மாத்திரை மேலிருந்து இறங்குகிறது. மலக்குடலுக்கு வந்து சேரும்போது அதன் கையிருப்பு குறைந்திருக்கும். கீழேயே இருக்கும் புண்ணுக்குக் கீழிருந்தே மருந்து வைப்பதுதானே புத்திசாலித்தனம்? அழற்சி மலக்குடலோடு நின்றிருந்தால், தினம் 1 கிராம் சப்போசிட்டரிதான் முதல் மருந்து. மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்கிறது. இடப்பக்கம் வரை போயிருந்தால் எனிமா. திரவ எனிமா மண்ணீரலுக்கு அருகே பெருங்குடல் வளையும் இடம் வரை ஏறும். நுரை வடிவம் அதைவிடச் சற்றுக் கீழேயே நின்றுவிடும், ஆனால் அடக்கிக்கொள்வது எளிது. பெருங்குடல் நெடுக நோய் இருந்தாலும், மாத்திரையும் எனிமாவும் சேர்ந்து தருவது மாத்திரை மட்டும் தருவதைவிட நல்ல பலன் தருகிறது.

இவ்வளவு தெரிந்தும், மருந்துச்சீட்டில் இருக்கும் இந்த ஒரு வரியைத்தான் பலர் கடையில் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். கூச்சம். எப்படி வைப்பது என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள், கேட்கவும் வாய் வராது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

படுக்கப்போகும் நேரம்தான் சரி, ராத்திரி முழுக்க உள்ளே இருக்கும். முதலில் மலம் கழித்துவிட்டு வாருங்கள். கையைக் கழுவிவிட்டு, சப்போசிட்டரியின் நுனியைத் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வலது முழங்காலை மடக்கி, மெதுவாக விரல் நீளத்துக்கு உள்ளே தள்ளுங்கள். முதல் சில நிமிடம் வெளியே தள்ளத் தோன்றும். அசையாமல் படுத்திருந்தால் அடங்கிவிடும். எனிமா என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துக் குளிர் போனதும், அதே மாதிரி படுத்து நிதானமாக அழுத்துங்கள். சட்டென்று அழுத்தினால் குடல் உடனே வெளியே தள்ளிவிடும். அரை மணி நேரம் அப்படியே இடப்பக்கம் படுத்திருங்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கம்தான் இருக்கிறது, திரவம் தானாகவே அந்தப் பக்கம் ஓடும். பழைய துணி ஒன்றை விரித்துக்கொள்வது நல்லது, இந்த மருந்தின் கறை சுலபத்தில் போகாது. காற்றும் வெளிச்சமும் பட்டால் மருந்தின் நிறம் மாறும். லேசாகக் கறுத்தால் பரவாயில்லை, அடர்பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முதல் வாரம் பலருக்கு அடக்கவே முடியாது. புண்பட்ட மலக்குடல் எதையும் தாங்காது. அதற்காக விட்டுவிட வேண்டாம். புண் ஆற ஆற, அடக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். அதுவே மருந்து வேலை செய்கிறது என்பதற்கான முதல் அடையாளம்.

எவ்வளவு, எத்தனை நாள்

வாய்வழி அளவு பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிராமிலிருந்து 4.8 கிராம் வரை. கிராம் என்பதைக் கவனியுங்கள், மில்லிகிராம் அல்ல. களிம்பு போலப் பூச வேண்டிய மருந்து என்பதால் இவ்வளவு வேண்டியிருக்கிறது. மாத்திரையின் பருமனுக்கு இதுவும் ஒரு காரணம். மூன்று வேளையாகப் பிரித்துப் போடுவதும், மொத்தத்தையும் ஒரே வேளையில் போடுவதும் பலனில் ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதியம் மறந்துபோகிறது என்றால், ஒரே வேளையாக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

வலிமாத்திரை மாதிரி ஒரு மணி நேரத்தில் பலன் தெரியாது. ரத்தம் குறைய இரண்டு வாரம் பிடிக்கலாம். முழுப் பலனைப் பார்க்க எட்டு வாரம் வரை ஆகலாம். மருந்து குடல் செல்களுக்குள் பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியைத் தட்டியெழுப்பி, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் சத்தத்தைக் குறைக்கிறது. நெருப்பு தணிந்தாலும், பொசுங்கிய சுவர் மறுபடி வளர அதற்கென்று நாள் வேண்டும்.

பக்கவிளைவு? பெரும்பாலோருக்கு இந்த மருந்து சாதுவானது. லேசான தலைவலி, வாயு, குமட்டல் சிலருக்கு வரும். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது சிறுநீரகம். அபூர்வமாக இந்த மருந்து சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும். வலியோ வீக்கமோ இல்லாமல் ஓசைப்படாமல் நடக்கும் என்பதால், மருந்து தொடங்கும் முன்பு ஒருமுறையும், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, கொஞ்சம் ஏமாற்றும் வகை: சிலருக்கு மெசலமைனே பேதியையும் ரத்தத்தையும் காய்ச்சலையும் கூட்டிவிடும். 'நோய் முற்றிவிட்டது' என்று அளவை இன்னும் ஏற்றினால் இன்னும் மோசமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நிலைமை தலைகீழாகப் போனால், உடனே டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மேல்வயிற்றில் கடுமையான வலி வந்தாலும் அப்படியே. இதயத்தைச் சுற்றியோ கணையத்திலோ அபூர்வமாக அழற்சி வருவதுண்டு.

பழைய சல்ஃபாசலசைனுக்குத் தனிக் கணக்கு. மூட்டுவலியும் கோலைட்டிஸும் சேர்ந்து வருபவர்களுக்கு இன்றும் அது பயன்படுகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஃபோலிக் அமிலம் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், மருந்தை நிறுத்திய சில மாதங்களில் திரும்பிவிடும். குழந்தைக்கு முயல்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் மெசலமைனுக்கு மாற்றிவிடலாம். சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

ஸ்டீராய்டு

மெசலமைன் போதவில்லை, அல்லது ஆரம்பத்திலேயே நோய் கடுமையாக இருக்கிறது என்றால் ஸ்டீராய்டு. அந்தப் பெயரைக் கேட்டாலே அலறுகிறவர்கள் உண்டு, அதன் ருசி கண்டு விடமுடியாமல் போனவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

1955-இல் அதே ட்ரூலவும், விட்ஸ் என்ற மருத்துவரும் 210 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களில் ஏறத்தாழ 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 16 சதவீதம்தான். அதுவரை கடுமையான தாக்குதல் என்றால் உயிருக்கே ஆபத்தாக இருந்த நோய் இது. இன்று பெரும்பாலும் பிரெட்னிசலோன், ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் போலத் தொடங்கி, வாரம் 5 மில்லிகிராம் வீதம் இறக்கிக்கொண்டே வருவார்கள். சில நாட்களிலேயே நிம்மதி தெரியும்.

சிக்கலும் அங்கேதான். மெசலமைன் புண்ணின் மேல் பூசும் களிம்பு என்றால், ஸ்டீராய்டு வீடு முழுக்கத் தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்பு வண்டி. தீ அணையும், கூடவே மற்றதெல்லாமும் நனையும். தூக்கம் கெடும், பசி எகிறும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், மனநிலை ஊசலாடும், நாள்பட்டால் எலும்பு மெலியும். இவ்வளவு விலை கொடுத்தும், நோய் திரும்பாமல் காக்கும் வேலையை அது செய்வதில்லை. எனவே அணைக்க மட்டும் ஸ்டீராய்டு. காவலுக்கு வேறு மருந்து. அதேசமயம் பக்கவிளைவுக்குப் பயந்து திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால், உடலுக்குள் அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தி வைத்திருக்கும். அது விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். படிப்படியாகக் குறைப்பது இதற்காகத்தான்.

இடைவழியாக ப்யூடெசொனைடு என்ற ஸ்டீராய்டு உண்டு. பெருங்குடலில் திறக்கும் உறையோடு வருகிறது. குடலில் வேலை முடித்து ரத்தத்தில் ஏறுவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடுகிறது. ஆகவே பக்கவிளைவு குறைவு.

அதற்கும் மேலே

வருடத்துக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்படுகிறது, நிறுத்தினால் திரும்புகிறது என்றால், களிம்புக் கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். எதிர்ப்பு சக்தியையே நிதானப்படுத்தும் மருந்துகள் வரும். அசதியோபிரின் மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்யும் பழைய மாத்திரை. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் டிஎன்எஃப் என்ற அழற்சித் தூதுவரைப் பிடித்துக் கட்டுகிறது. 2005-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. வெடொலிசுமாப் வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து குடலுக்குள் நுழையும் கதவை மட்டும் சாத்துகிறது. டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் ஆகியவை செல்லுக்குள் போகும் செய்தியைத் தடுக்கும் மாத்திரைகள். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இவற்றுக்கு முன் காசநோய், ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நன்றாக இருக்கும்போது

மூன்று மாதமாக ரத்தம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை, கெட்டியாக. இப்போது தினமும் காலையில் அந்தப் பெரிய மாத்திரைகளைப் பார்க்கும்போது யாருக்கும் தோன்றும், 'இது இன்னும் எதற்கு?' முதலில் ஒரு நாள் மறதி. ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு வாரம். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. இந்த நோய் ஏமாற்றுவது இப்படித்தான்: மருந்தை விட்டதற்கான தண்டனை உடனே வராது, மாதங்கள் கழித்து வரும். அதற்குள் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவே தோன்றாது.

2003-இல் வெளியான ஓர் ஆய்வு, நோய் அடங்கி மெசலமைனில் இருந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. ஒழுங்காக மாத்திரை போட்டவர்களில் 89 சதவீதம் பேர் நலமாகவே நீடித்தார்கள். விட்டுவிட்டுப் போட்டவர்களில் 39 சதவீதம்தான். இவ்வளவு எளிய, சாதுவான ஒரு மருந்து இவ்வளவு வித்தியாசம் செய்வது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இன்னொன்று, நமக்கு நலமாகத் தெரிவதும் குடல் ஆறியிருப்பதும் ஒன்றல்ல. வெளியே அறிகுறியே இல்லாமல் உள்ளே தணல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் கொலோனோஸ்கோப்பி வேண்டியதில்லை. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளந்தால் போதும். வெள்ளையணுக்கள் குடலுக்குள் வந்து மோதினால்தான் அது ஏறும். மருந்தைக் குறைக்கலாமா என்ற பேச்சை எடுக்கும் முன் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்ப்பது நல்லது. கர்ப்பமானவுடன் தாங்களாகவே மெசலமைனை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. பொதுவாக அந்த மருந்தைத் தொடரவே சொல்வார்கள், ஏனென்றால் குழந்தைக்கு மருந்தைவிடக் கிளம்பிய நோய்தான் அதிக ஆபத்து. நோய் தொடங்கி எட்டு ஆண்டு ஆனதும் புற்றுநோய்க் கண்காணிப்புக்காகக் கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்வதும் வழக்கம். அடங்கியிருக்கிறதே என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது

ட்ரூலவும் விட்ஸும் வகுத்துக் கொடுத்த அளவுகோலை எழுபது ஆண்டுகளாகியும் டாக்டர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் 6 முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, அல்லது நாடித்துடிப்பு 90-க்கு மேல் ஓடுகிறது, அல்லது ரத்தசோகை கண்டிருக்கிறது என்றால் அது கடுமையான தாக்குதல். மெசலமைனை இரண்டு கூட்டிப் போட்டுப் பார்ப்போம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். அங்கே நரம்பு வழியாக ஸ்டீராய்டு போவதோடு, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசியும் போடுவார்கள். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது உறைவைத் தடுக்கும் ஊசியா என்று வீட்டார் கலவரப்படுவார்கள். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது கால் ரத்தக்குழாய்களிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டும் அபாயம் ஏறுகிறது, அதற்காகத்தான் அது. மூன்றாவது நாள் வாக்கில் கணக்குப் பார்ப்பார்கள்: போகும் தடவை குறைந்ததா, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்கியதா என்று. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கைகொடுக்காது. இன்ஃப்ளிக்சிமாப்பா, எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரினா, அறுவை சிகிச்சையா என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிடும்.

அந்த நிலையில் வீட்டில் செய்யவே கூடாத ஒன்று, பேதியை நிறுத்த லோபரமைடு போட்டுக்கொள்வது. போவது நின்றுவிடும். ஆனால் அழற்சியால் ஏற்கெனவே தளர்ந்துபோன பெருங்குடல், உள்ளே அடைபட்டதோடு பலூன் போல ஊதிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. வயிறு உப்பி, தொட்டால் வலித்து, திடீரென்று பேதி குறைந்துவிட்டால் அதைக் குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே வண்டியைக் கூப்பிடுங்கள்.